பிள்ளையாருக்கு ஒரு கரண்டி பால்

கதவு இடிபட்டது. தட்டுகிற சத்தமில்லை, இடிக்கிற சத்தம். பாதி மழித்த முகத்தோடு ஓடிப்போய்த் தாழ்ப்பாளை நீக்கினார் ஹரிநாராயணன். வாசலில் பால்காரர் சொரிமுத்து மூச்சு வாங்க நின்றார். சைக்கிளில் தொங்கிய கேன் காலியாக ஆடிக்கொண்டிருந்தது.

"சாமி, இன்னைக்குப் பாலு இவ்வளவுதான்" என்று ஒரு சின்னச் செம்பை நீட்டினார். "ஊருப் பாலு பூராவையும் பிள்ளையாரு குடிக்காரு."

"யாரு?"

"நம்ம ஆத்தங்கரைப் பிள்ளையாருதான். கரண்டியில நீட்டினா உறிஞ்சுதாரு. எங்கண்ணால பாத்தேன். டெல்லியிலயும் குடிக்காராம்."

தொண்ணூற்றைந்தாம் வருஷத்துப் புரட்டாசி அது. கல்லிடைக்குறிச்சியில் இயற்பியல் வாத்தியாராக இருப்பவர் இப்படி ஒரு செய்தியைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? பரப்பு இழுவிசை என்று ஒன்று இருக்கிறது, அது திரவத்தை எப்படி இழுக்கும் என்று சோப்பு நுரை பறக்க ஆரம்பித்தார் ஹரிநாராயணன்.

உள்ளேயிருந்து அவர் மனைவி பார்கவி வந்தாள். தலையை முடிந்துகொண்டு, சொரிமுத்து கையிலிருந்த செம்பை வாங்கினாள். சமையலறைக்குள் போய் ஒரு கரண்டியை எடுத்து வந்தாள். வாசற்படி இறங்கித் தெருவில் நடந்தாள்.

சித்திரையில் குழந்தை பிறந்தது, அழவில்லை. அதிலிருந்து பார்கவி அந்தப் படியைத் தாண்டியதே கிடையாது. கூப்பிட்டால் வருவாள், கேட்டால் பதில் சொல்வாள், கொடுத்தால் இரண்டு வாய் சாப்பிடுவாள். அவ்வளவுதான். தெருவில் எல்லாரும் நல்லவர்கள். அவள் காதில் விழுந்துவிடக் கூடாதென்று குரலைத் தாழ்த்திப் பேசினார்கள், சீமந்தப் பத்திரிகை வைக்க அந்த வீட்டை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். ஹரிநாராயணனும் வீட்டுக்குள் பூனை மாதிரி நடக்கப் பழகியிருந்தார். அவளை மறுபடி வெளியே கொண்டுவர வழி தெரியாமல் அவர் விழித்துக்கொண்டிருக்க, ஒரு கரண்டிப் பால் அவளை அழைத்துக்கொண்டு போகிறது.

சந்தோஷப்படுவதா, பயப்படுவதா? கன்னத்து நுரையைத் துண்டால் ஒற்றிக்கொண்டே பின்னால் ஓடினார்.

கோயில் வாசலில் திருவிழாக் கூட்டம். வரிசை என்று ஒன்று இருந்தது. அது எங்கே தொடங்குகிறது என்று பிள்ளையாருக்கே தெரியாது. நெருக்குகிறவர்களுக்கும் அவளுக்கும் நடுவே கையை நீட்டி அணை போட்டார் ஹரிநாராயணன். அணை நிற்கவில்லை. மாவு மில் பிரம்மநாயகி அவரை ஒதுக்கிவிட்டு உள்ளே புகுந்து, முன்னால் நிற்பது யாரென்றுகூடப் பாராமல் அதட்டினார்.

"ஏட்டி, முழங்கைய மடக்கு. பாலு பூரா எஞ்சேலையில கொட்டுது."

போச்சு, இவள் இங்கேயே உட்கார்ந்து அழப் போகிறாள் என்று நினைத்தார். பார்கவி முழங்கையை மடக்கினாள். பிறகு பிரம்மநாயகியைத் திருப்பி ஒரு தள்ளு தள்ளியதுபோல இருந்தது. அந்த நெரிசலில் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

சந்நிதி நெருங்க நெருங்க அவருக்கு வேறு குழப்பம். பிள்ளையார் குடித்துவிட்டால், இத்தனை வருஷம் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தது என்னாவது? குடிக்காவிட்டால், இவளிடம் மட்டும் குடிக்காவிட்டால், அதை இவள் எப்படி எடுத்துக்கொள்வாள்? குடித்துத் தொலையுமய்யா என்று மனசுக்குள் கும்பிட்டார். கரண்டியை நீட்டியபோது அவள் முதுகுதான் தெரிந்தது. 'குடிச்சிட்டாரு' என்று கூட்டம் சொன்னது. திரும்பிய அவள் முகம் நனைந்திருந்தது. வேர்வையா, கண்ணீரா, பக்கத்து ஆளின் பாலா?

வீட்டுக்கு வந்ததும் பசிக்கிறது என்றாள். உட்கார்ந்து நிறையவே சாப்பிட்டாள். பிரம்மநாயகி அக்காவுக்கு உடம்பு பெருத்துவிட்டதே என்றாள்.

அவள் குளிக்கப் போன நேரம், செம்பின் அடியில் மிஞ்சியிருந்த பாலைக் கரண்டியில் எடுத்தார் ஹரிநாராயணன். விடைத்தாள் பறக்காமலிருக்க மேஜைமேல் ஒரு கூழாங்கல் வைத்திருந்தார், தாமிரபரணியில் பொறுக்கியது. கரண்டியை அதன் பக்கத்தில் ஒட்டிப் பிடித்தார். கல்லும் குடித்தது. கல்லுக்கு அடியில் மெல்லிசாகப் பால் வழிந்து விடைத்தாளில் பரவியது. அவர் சொன்னதுதான் சரி. ஆனால் திருடின கையோடு பிடிபட்டவர்போல அவசர அவசரமாகத் துடைத்தார்.

மதியம் பள்ளிக்கூடத்தில் பையன்கள் சூழ்ந்துகொண்டு, பிள்ளையார் எப்படி சார் பால் குடிக்கிறார் என்று கேட்டார்கள். கேள்வி கேட்காத பையனைத் திட்டுகிற வாத்தியார், பாடத்தைப் பார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

சாயங்காலம் டி.வி. செய்தியில் அதுவேதான். கண்ணாடி போட்ட விஞ்ஞானி ஒருவர் பாலில் சிவப்புச் சாயம் கலந்தார். கரண்டியை ஒரு சிலையின் துதிக்கையில் வைத்தார். பாலைக் காணோம், சிலையின் வயிற்றில் சிவப்பாக ஒரு கோடு இறங்கிக்கொண்டிருந்தது.

சமையலறையிலிருந்து பார்கவி எட்டிப் பார்த்தாள்.

ஹரிநாராயணன் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார். தன் வாழ்நாளில் விஞ்ஞானத்தை அவர் வாயடைத்தது அன்றுதான். ஏன் அணைத்தீர்கள் என்று கேட்டாள். வோல்டேஜ் சரியில்லை, பெட்டி போய்விடும் என்றார். தலைக்கு மேல் பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

பார்கவி பல்பைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மேஜைமேல் பால் கறையோடு காய்ந்துகொண்டிருந்த விடைத்தாளையும் பார்த்தாள். ஈரக் கையைத் தலைப்பில் துடைத்தபடி வந்து, அவர் கையிலிருந்த பிளக்கை வாங்கி மறுபடி மாட்டினாள்.

"ஏன்னா, அவர் குடிக்கலை, கரண்டியை நான்தான் சாய்ச்சேன், ஆனா அந்த வரிசையில எல்லாரும் என்னை இடிச்சா பாருங்கோ, இத்தனை மாசமா யாருமே என்னை இடிக்கலைன்னு அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது."