என்னங்க என்றால் இடது

வாய் தவறி விழுந்த ஒரே ஒரு வாக்கியம் மனிதனை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை அந்த இன்சூரன்ஸ்காரரைத்தான் கேட்க வேண்டும். மச்சான் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், வயிறு நிறைந்த சந்தோஷத்தில், "அடுத்த லீவுக்கு நானே பாய்ப்படகு ஓட்டி உங்களையெல்லாம் வெளிநாட்டுக் கடல்ல ஒரு சுத்து சுத்திக் காட்டறேன் மச்சான்" என்று சொல்லிவிட்டார். சொன்ன நேரத்தில் அவர் பாய்ப்படகைக் காலண்டரில்தான் பார்த்திருந்தார்.

மச்சானாவது சும்மா இருந்திருக்கலாம். அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். இந்த உலகத்தில் யாருக்கு ஓட்ட வரும், யாருக்கு வராது என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவதாக அவருக்கு ஒரு நினைப்பு. "மாப்ள, நீங்க காரை ரிவர்ஸ் எடுத்தாலே தெருவுல நாலு பேரு வாசலுக்கு வந்துடறாங்க. உங்களுக்குப் படகா?" என்று சிரித்தார். அதோடு விட்டாரா? "துணைக்கு இவளையும் கூட்டிட்டுப் போங்க. பொருத்தமான ஜோடி" என்று தன் தங்கையையும் சேர்த்து வாரினார்.

அந்தத் தங்கைதான் இன்சூரன்ஸ்காரரின் மனைவி. கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிப்பவள். கல்யாணத்துக்கு முன்னால் அண்ணனிடமே கார் கற்றுக்கொள்ளப் போனாள். பக்கத்து சீட்டிலிருந்து அவர் கத்திய கத்தலில் கிளட்ச் எது, பிரேக் எது என்பதே மறந்துபோய், யார் வீட்டு கேட்டையோ பெயர்த்துவிட்டாள். "உனக்கெல்லாம் ஓட்ட வராதும்மா, விட்டுடு" என்றார் அண்ணன். அவளும் விட்டுவிட்டாள். அந்த வார்த்தைதான் அவளை விடவில்லை. இன்றைக்கும் காரில் ஏறினால் பின்சீட்டுக்குத்தான் போவாள்.

சவால் விட்டாயிற்று, இனி பின்வாங்க முடியாது. படகை வாடகைக்கு எடுக்க வேண்டுமென்றால் கொடுப்பவர்கள் சான்றிதழ் கேட்பார்கள். ஆகவே இன்சூரன்ஸ்காரர் பாய்ப்படகுப் பயிற்சியில் சேர்ந்தார். தனியாகப் போக வெட்கப்பட்டு, பை தூக்க ஆளாகட்டும் என்று மனைவியையும் சேர்த்துவிட்டார். சேர்ந்த அன்றே ஒரு வெள்ளைத் தொப்பி வாங்கிக்கொண்டு, வீட்டில் எல்லோரும் தன்னைக் கேப்டன் என்று கூப்பிட வேண்டும் என்றார். நாமும் அப்படியே கூப்பிட்டுவிட்டுப் போவோம், காசா பணமா.

பயிற்சிப் படகில் ஸ்டீயரிங் சக்கரம் கிடையாது, சுக்கானோடு ஒரு நீளக் கட்டைதான். கட்டையை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் போகும். கேப்டனுக்கு இது கடைசிவரை பிடிபடவில்லை. கடலில் விழுந்த ஆளைக் காப்பாற்றும் பயிற்சிக்கு ஆளுக்குப் பதில் ஒரு மிதவையைத் தண்ணீரில் போடுவார்கள். கேப்டன் அந்த மிதவை மேல் மூன்று தரம் படகை ஏற்றிக் கொன்றார். பயிற்சியாளர் பொறுமைசாலி. "அடுத்த சீசன்ல வாங்க சார், கடல் இங்கேயேதான் இருக்கும்" என்று தோளைத் தட்டினார்.

அவளுக்கோ கட்டை கைக்கு வந்த முதல் நாளே விஷயம் புரிந்துவிட்டது. கடையின் சின்ன அறையில், சுவர்க் கண்ணாடியில் நேராகத் தெரிவதற்காக இடவலம் மாற்றி எழுதிய எழுத்துகளைத்தான் அவள் தினமும் பார்க்கிறாள். இடது வலதாவதும் வலது இடதாவதும் அவளுக்கு அன்றாடப் பிழைப்பு. காற்று எந்தக் கன்னத்தில் படுகிறது என்று பார்த்தாள், கயிற்றை இழுத்தாள், படகு சாய்ந்து ஓடியது. பக்கத்தில் உட்கார்ந்து கத்த யாரும் இல்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. பரீட்சையில் அவள் பாஸ், அவர் ஃபெயில்.

வீடு திரும்பும் வழியெல்லாம் கேப்டன் தொப்பியை மடியில் வைத்து உருட்டிக்கொண்டே வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டிக்கெட் எடுத்தாச்சு. படகும் பேசியாச்சு. உங்க அண்ணனுக்கு இது மட்டும் தெரிஞ்சுது, ஆயுசு பூரா என்னை வறுத்து எடுத்துடுவாரு. நீ பாஸ் பண்ணது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். நான் பிடிக்கறேன், நீ சொல்லு."

அவளுக்குச் சுருக்கென்றது. அண்ணன் முகத்துக்கு நேரே நின்று 'எனக்கு ஓட்ட வருது' என்று சொல்லத்தான் அவள் உள்ளுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்திருந்தாள். ஆனால் மனுஷன் முகம் காற்றுப் போன பந்தாகச் சுருங்கிக் கிடந்தது. சரி என்றாள். சொன்ன பிறகு இரண்டு நாள் ரசத்தில் உப்பு தூக்கலாக இருந்தது, அது வேறு கதை.

"மச்சான் பக்கத்துலயே இருப்பாரே, இடது வலதுன்னு எப்படிச் சொல்லுவ?" என்று கேட்டார் கேப்டன்.

"நான் எப்பவும் உங்களை எப்படிக் கூப்பிடறேனோ அப்படியேதான். 'என்னங்க'ன்னா இடது. 'ஏங்க'ன்னா வலது. 'கேட்டீங்களா'ன்னா வேகத்தைக் குறைங்க. யாருக்குச் சந்தேகம் வரும்?"

கேப்டன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். இப்பேர்ப்பட்ட மூளையைப் பை தூக்க வைத்தோமே என்று ஒரு கணம் தோன்றியிருக்க வேண்டும். சாப்பாட்டுத் தட்டை ஸ்டீயரிங் மாதிரி இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, அவள் சமையலறையிலிருந்து கூப்பிடக் கூப்பிட, ஹாலில் வலமும் இடமுமாக நடந்து பழகினார். ஊருக்குப் புறப்படுவதற்குள் அவள் குரல் காதில் விழுந்தால் கை தானாகத் திரும்பும் அளவுக்குத் தேறிவிட்டார்.

அந்நிய நாட்டுப் படகுத்துறையில், வாடகைக்கு விடும் அலுவலகத்து ஆள் "யார் கேப்டன்?" என்று கேட்டபோது, கேப்டன் உஷாரானார். "மச்சான், உள்ள கழிப்பறை பம்பு வேலை செய்யுதான்னு ஒரு தடவை பாருங்க, கடல்ல அதுதான் முக்கியம்" என்று அண்ணனைப் படகுக்கு விரட்டினார். அண்ணன் பம்பை அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் தங்கை கையெழுத்துப் போட்டு, கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லி, சாவியை வாங்கிக் கணவர் பையில் போட்டாள். வெள்ளைத் தொப்பி தலையில் ஏறியது. இந்தப் படகில் நல்லவேளையாகச் சக்கரம் இருந்தது.

துறையை விட்டு வெளியே வரும்வரை எல்லாம் ஜோராக நடந்தது. "என்னங்க, அந்தப் பறவையைப் பாருங்க" என்றாள், படகு இடது பக்கம் போனது. "ஏங்க, வெயில் ஜாஸ்தியா இருக்குல்ல?" என்றாள், படகு வலது பக்கம் வந்தது. அண்ணன் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். "பரவாயில்லையே மாப்ள!" என்றார். கேப்டன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். தனக்கு வர வேண்டிய பாராட்டு வேறொருவர் இலையில் விழுவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாயை ஏற்றினார்கள். படகு சாய்ந்தது. அப்போதுதான், கணக்கிலேயே வராத ஒருத்தி வாயைத் திறந்தாள்.

"ஏங்க," என்று அண்ணனைக் கூப்பிட்டாள் அண்ணி, "எனக்குக் குமட்டுது."

கேப்டன் கை படக்கென்று வலது பக்கம் திரும்பியது. படகு ஒரு துள்ளு துள்ளியது.

"ஐயோ, என்னங்க!" என்று அண்ணி அலறினாள்.

படகு இடது பக்கம் பாய்ந்தது. பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. தண்ணீர் பாட்டில்கள் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் உருண்டன. அண்ணி கூப்பிடக் கூப்பிடப் படகு ஆடியது, ஆட ஆட அண்ணி கூப்பிட்டாள். தன் புருஷனைப் போலவே அண்ணனும் ஒரு 'என்னங்க'தான் என்பது, உட்கார்ந்து போட்ட அத்தனை திட்டத்திலும் தங்கைக்கு உதிக்கவே இல்லை. கயிற்றை மாற்றி மாற்றி இழுத்ததில் அவள் உள்ளங்கை சிவந்துவிட்டது.

"என்ன மாப்ள, வளைஞ்சு வளைஞ்சு போகுது?" என்றார் அண்ணன்.

"காத்தை எதிர்த்துப் போகணும்னா இப்படித்தான் மச்சான் போகணும். இதெல்லாம் படிச்சுட்டு வந்தது" என்று கேப்டன் வாய் கூசாமல் அளந்தார். காற்று அப்போது பின்னாலிருந்து வீசிக்கொண்டிருந்தது.

அவள் அண்ணியை மெதுவாகக் கீழ் அறைக்கு அழைத்துப் போனாள். "அண்ணி, அண்ணனை வேற மாதிரி ஏதாவது கூப்பிடுங்களேன்."

"வேற மாதிரின்னா? பேரைச் சொல்லியா?" அண்ணி வாந்தியையே மறந்துவிட்டாள். "உங்க அண்ணன்கிட்ட யாரு வாங்கிக் கட்டிக்கறது?"

அதற்குமேல் கேட்டால் குட்டு உடைந்துவிடும். அண்ணிக்கு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து, படுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மேலே வந்தாள்.

பிற்பகல்வரை அண்ணி தூங்கிய தூக்கத்தில் உலகம் நேராக ஓடியது. ஒரு குட்டித் துறைமுகத்துக்குள் நுழைந்தார்கள். பாயை இறக்கி இன்ஜினைப் போட்டார்கள். இடது பக்கம் அவர்களுக்கு ஒதுக்கிய காலி இடம். வலது பக்கம், பளபளவென்று, மாடி வீடு அளவுக்கு ஒரு வெள்ளைப் படகு. அதன் முதலாளி மேலே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். கட்டும் கயிற்றோடு அவள் முன்முனைக்குப் போனாள். அண்ணன் நடுவில் நின்று வேடிக்கை பார்த்தார்.

"என்னங்க," என்றாள் அவள். படகு இடது பக்கம் அழகாக வளைந்தது.

அந்த நேரம் பார்த்து அண்ணி விழித்துக்கொண்டாள். கீழேயிருந்து குரல் வந்தது: "ஏங்க, வந்துட்டோமா? ஏங்க! என் செருப்பு எங்கங்க?"

கேப்டன் வலது பக்கம் திருப்பினார். இரண்டு 'ஏங்க'வுக்கும் சேர்த்து மொத்தமாகத் திருப்பினார்.

"என்னங்க! என்னங்க! கேட்டீங்களா!" என்று முன்னாலிருந்து இவள் கத்தினாள். "கேட்டீங்களா, ஏங்க!" என்று கீழேயிருந்து அண்ணி கத்தினாள். கேப்டன் சக்கரத்தை இப்படிச் சுற்றினார், அப்படிச் சுற்றினார், பிறகு கையை எடுத்துவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். மேலே டீ குடித்தவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

அவளுக்குள் ஏதோ ஒன்று அறுந்தது.

"டேய்! தள்ளுடா அந்தப் பக்கம்!"

கயிற்றைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். கேப்டன் குதித்து ஒதுங்கினார். ஒரு கை சக்கரத்தைப் பிடித்தது, மறு கை இன்ஜின் நெம்புகோலைப் பின்னுக்கு இழுத்தது. தண்ணீர் கொதித்துப் பொங்கியது. வெள்ளைப் படகுக்கும் இவர்கள் படகின் மூக்குக்கும் நடுவே ஒரு சாண் இருக்கும்போது படகு நின்றது. நின்று, மெல்லப் பின்னால் நகர்ந்தது. மாடிக்காரர் கோப்பையை மறுபடி எடுத்துக்கொண்டார்.

முதலில் வாயைத் திறந்தவர் அண்ணன்.

"என்ன பழக்கம் இது? புருஷனை டேய்ங்கறே! அப்பா அம்மா வளர்த்த லட்சணமா இது? மாப்ளகிட்ட முதல்ல மன்னிப்புக் கேளு!"

ஒரு படகையே காப்பாற்றியிருக்கிறாள், அண்ணன் காதில் விழுந்தது அந்த 'டேய்' மட்டும்தான். காற்று படகை மறுபடி தள்ளிக்கொண்டிருந்தது. சக்கரத்தைப் பிடித்தபடி கணவரைப் பார்த்தாள். மச்சானின் அனுதாபம் முழுக்க அவர் பக்கம். தலையை ஆட்டிவிட்டுப் பேசாமல் நின்றால் போதும், மானம் பிழைத்துவிடும்.

கேப்டன் தொப்பியைக் கழற்றினார். வேர்வையில் நெற்றியில் கோடு விழுந்திருந்தது.

"கேப்டன் எப்படி வேணா கூப்பிடலாம் மச்சான்."

"யாரு கேப்டன்?"

"இவதான். பாஸ் பண்ணது இவ. நான் ஃபெயில். காலைலேர்ந்து ஓட்டினதும் இவதான், நான் சும்மா பிடிச்சுக்கிட்டு இருந்தேன்."

சொல்லி முடித்ததும், இத்தனை நாள் வயிற்றில் கிடந்த கல்லைக் கக்கிய மாதிரி அவர் மூச்சு விட்டார். அண்ணன் தங்கையைப் பார்த்தார். சக்கரத்தைப் பார்த்தார். அந்த ஒரு சாண் இடைவெளி இப்போது பத்தடியாகியிருந்ததையும் பார்த்தார்.

"உனக்கு... ஓட்ட வருமா?"

"வரும்ணே," என்றாள். ஒத்திகை பார்த்த பேச்சு நீளமானது, ஆனால் அந்த நேரத்துக்கு இந்த ஒரு வார்த்தையே போதுமானதாக இருந்தது. "முன்னால போய் அந்தக் கயித்தை எடு. கரையில இருக்கற ஆளு பிடிச்சுக் கட்டட்டும், நீ இந்த முனையைப் பிடிச்சுக்கோ. நான் சொல்றவரைக்கும் விடக் கூடாது."

அண்ணன் போனார். பயிற்சிக்கு வந்த பையன்களைத் தாம் எப்படி விரட்டுவாரோ அப்படி விரட்டப்பட்டது போல அவசரமாகவே போனார். அவள் படகைக் காற்றின் மீது சாய்த்து, தூங்கும் குழந்தையை இறக்கி வைக்கிற பதத்தில், கரையோரம் கொண்டுபோய் வைத்தாள். கேப்டனாக இருந்தவர் பின்பக்கக் கயிற்றைக் கட்டினார். முதல் தடவையே முடிச்சு சரியாக விழுந்ததில் அவருக்கே ஆச்சரியம். இன்ஜினை நிறுத்தினாள். அண்ணி செருப்பு கிடைத்த நிம்மதியில் கரையில் இறங்கி, அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணன் மட்டும் இறங்கவில்லை. கட்டி முடித்த படகின் முனையில், தளர்ந்து தொங்கும் கயிற்றை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மச்சான், எல்லாம் கட்டியாச்சு, வாங்க" என்றார் இன்சூரன்ஸ்காரர்.

"சும்மா இருங்க மாப்ள. அவ இன்னும் விடச் சொல்லலை."

அவளுக்கு அது நன்றாகவே கேட்டது. பெஞ்சில் அண்ணிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, இன்னும் கொஞ்ச நேரம் கழித்துச் சொல்லலாம் என்று இருந்துவிட்டாள்.