ஏரி வடக்கே, வயல் தெற்கே

எங்கள் சமவெளியில் ஏரியை எப்படித் திறப்போம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் அன்று காலை செத்தவர்கள் ஏன் அப்படிச் செத்தார்கள் என்பது விளங்காது.

கரையின் உட்சரிவில் ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு கண்கள் உண்டு. ஒவ்வொரு கண்ணிலும் ஆள் கட்டிப்பிடிக்கும் பருமனில் ஒரு பைன் மரக்கட்டை அடைத்திருக்கும். கட்டையிலிருந்து ஒரு சங்கிலி கரைமேல் இருக்கும் உருளைக்கு வரும். உருளையில் இரும்புத் தண்டைச் செருகிச் சுற்றினால் கட்டை எழும்பும்; தண்டை உருவினால் திரும்ப இறங்கிவிடும். தண்ணீர் கண்ணுக்குள் இறங்கி, கரைக்கு அடியில் போகும் கல் குழாய் வழியே மறுபக்கத்து வாய்க்காலில் விழும்.

முதலில் மேல்கண்ணைத்தான் திறப்போம். மேல் தண்ணீர் வெயிலில் சூடேறியது, நாற்றுக்குப் பிடிக்கும். மட்டம் இறங்க இறங்க அடுத்தடுத்த கண். அடிக்கண் கடைசியில்தான். ஏரி நிறைந்திருக்கும்போது அதைத் திறந்தால் மொத்த ஏரியின் எடையும் அந்த ஒரு ஓட்டை வழியாக வெளியே பாயப் பார்க்கும். குழாய் வாயில் நிற்கும் பாறாங்கல்லையே உருட்டிக்கொண்டு போகும் வேகம் அது.

அதனால்தான் சேகண்டி என்னும் வெண்கலத் தட்டு. எந்தக் கண்ணைத் திறப்பதானாலும் மதகுக்காரன் முதலில் கரைமேல் நின்று சேகண்டியை அடிப்பான். வாய்க்காலில் துணி துவைப்பவர்கள், நத்தை பொறுக்குபவர்கள் எல்லோரும் உடனே கரையேறிவிட வேண்டும். ஏறத் தாமதித்த பிள்ளைகளை எங்கள் தாய்மார்கள் காலிலேயே அடிப்பார்கள். ஐந்து வயதில் வாங்கிய அந்த அடி ஐம்பது வயதிலும் காலுக்குள் இருக்கும். சேகண்டி கேட்டால் கால் முதலில் ஏறும். ஏன் ஏறினோம் என்று தலைக்கு அப்புறம்தான் தெரியும்.

ஜப்பான்காரன் தோற்றுப்போன இலையுதிர் காலத்தில் ஒரு ரஷ்ய அதிகாரியும் ஓர் அமெரிக்க அதிகாரியும் ஜீப்பில் வந்தார்கள். வரைபடத்தை ஜீப்பின் மூக்கில் விரித்தார்கள். கொரியாவை இரண்டாக வெட்டிய முப்பத்தெட்டாம் அட்சக்கோடு ஏரிக்கரைக்கும் எங்கள் வயல்களுக்கும் நடுவில் ஓடியது. ஒருவர் சிகரெட்டை இன்னொருவர் வாங்கிப் பற்றவைத்துக்கொண்டார். முளை அடிக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஏரி ரஷ்யர்களின் கொரியாவுக்குப் போயிற்று. அது நனைக்க வேண்டிய வயல் அமெரிக்கர்களின் கொரியாவில் நின்றது.

முதல் இரண்டு நடவு எப்படியோ நடந்தது. மூன்றாவது ஆண்டு, தெற்கில் தேர்தல் நடந்த 1948இல், வடக்கு மதகை மூடிவிட்டது. தண்ணீர் வேண்டுமானால் நெல் கொடு என்றது. கொடுத்தால் அந்த அரசை ஒப்புக்கொண்டதாகிவிடும், கொடுக்காதே என்றது தெற்கு. ஜூன் பாதி தாண்டியது. நாற்றங்காலில் நாற்று முழங்காலுக்கு வளர்ந்து மஞ்சளாகத் தொடங்கியது.

மதகுக்காரன் பெயர் தால்சு. கோட்டுக்கு வடக்கே சோல்மோரு என்ற ஊரில் இருந்தான். கோட்டுக்குத் தெற்கே எங்கள் பேக்சொக்கில் இருந்த கிசுன் அவனுக்கு மைத்துனன், அதாவது கிசுனின் தங்கை ஓக்பூனைத்தான் தால்சு கட்டியிருந்தான். இருவரும் எல்லை முளைக்குப் பக்கத்தில் இருந்த குடும்பக் கல்லறைக்குப் புல் வெட்ட வருவதுபோல வந்து சந்தித்துக்கொள்வார்கள்.

"மாப்பிள்ளை, ராத்திரியில ஒரு கண்ணு தொறந்தா யாருக்குத் தெரியும்?" என்றான் கிசுன்.

"தண்ணி சத்தம் போடாதா மச்சான்? காவல்காரன் உருளைக்குப் பக்கத்துலதான் படுத்திருக்கான். என் தலைய எடுத்துட்டு அப்புறம்தான் மதக மூடுவான்."

"அப்ப ஓக்பூனக் கூட்டிக்கிட்டு இந்தப் பக்கம் வந்துடு."

தால்சு அரிவாளைப் புல்லில் துடைத்தான். "எங்கப்பன், பாட்டன் எல்லாம் அடுத்தவன் நிலத்துல குனிஞ்சே செத்தாங்க. இப்ப இந்த அரசாங்கம் என் பேருல நிலம் எழுதிக் கொடுத்திருக்கு. அத விட்டுட்டு வந்து உங்க ஊருல யாருக்குக் குத்தகை உழறது? உனக்கா?"

"எனக்குத்தான் உழேன். கூழு ஊத்துறேன்."

"உன் கூழு எனக்குத் தெரியும். அத வெச்சு ஏரிக்கரை ஓட்டைய அடைக்கலாம்."

சிரித்தார்கள். ஆனால் கிசுன் எதற்கு வந்தானோ அதைச் சொல்லவில்லை. சொன்னால் பேக்சொக் ஆட்கள் சாவார்கள். சொல்லாவிட்டால் தால்சு சாகலாம்.

ஊரில் வாலிபர் படை வந்து தங்கியிருந்தது. எல்லாம் வடக்கிலிருந்து ஓடிவந்த பையன்கள். தலைவன் பெயர் ப்யோ. நிலம் பறிக்க வந்த கும்பல் அவனுடைய தகப்பனை வாசலிலேயே அடித்துக் கொன்றதைக் கண்ணால் பார்த்தவன். மதகைப் பிடித்து நான்கு கண்களையும் திறந்துவிட்டு, உருளைகளை உடைத்துவிட வேண்டும் என்பது அவன் திட்டம். வறண்ட வாய்க்கால் ஆள் உயர ஆழம். அதற்குள்ளேயே நடந்தால் குழாய் வாய் வரைக்கும் யார் கண்ணிலும் படாமல் போய்விடலாம். அங்கிருந்து கரைமேல் ஏறுவது ஒரே மூச்சு. வழி காட்ட உள்ளூர் ஆட்கள் ஐந்தாறு பேரைக் கேட்டான்.

"நான் வரேன்," என்றான் கிசுன். "மதகுக்காரன் என் தங்கச்சி புருஷன். அவன் மேல கை படக்கூடாது."

"உன் தங்கச்சிய விதவையாக்க எனக்கென்ன ஆசையா?" என்றான் ப்யோ. "குறுக்க வராம இருக்கச் சொல்லு."

விடிகிற நேரம் மூடுபனி வாய்க்காலை நிரப்பியிருந்தது. படைப் பையன்கள் முன்னால், ஊர்க்காரர்கள் பின்னால், நடுவில் கிசுனும் ப்யோவும். வாய்க்காலில் அங்கங்கே தேங்கிய குட்டைகளில் தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. ஆட்கள் வர வர ஒவ்வொரு குட்டையும் வாயை மூடிக்கொண்டது. கரைமேல் இருந்தவர்களுக்கு இதைவிட நல்ல காவல் நாய் கிடையாது. தெற்கேயிருந்து ஒரு மௌனம் மெதுவாக நடந்து வருவது அவர்களுக்குக் கேட்டது.

மேலே இருந்த காவல்படைத் தலைவன் பெயர் ஹோ. அவன் தால்சுவை உலுக்கி எழுப்பி, "அடிக்கண்ணத் தொற" என்றிருக்கிறான். தால்சு எழுந்தான். தண்டை அடிக்கண் உருளையில் செருகினான். பிறகு, இருபது வருடமாக எதைச் செய்தானோ அதையே செய்தான். திரும்பிச் சேகண்டியை எடுத்து அடித்தான்.

ஹோ அவன் கன்னத்தில் அறைந்தான். அறைந்த கையோடு அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவனும் இந்தச் சமவெளியில் பிறந்தவன்தான். வாய்க்கால் ஓரத்துப் பைன் மரங்களுக்குள் இயந்திரத் துப்பாக்கியோடு கிடந்தவனைப் பார்த்து, "வாய்க்கா கரையப் பாரு, ஏறுவானுங்க" என்று கத்தினான். தால்சு தண்டைச் சுற்றத் தொடங்கினான்.

ஏறினார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் அத்தனை பேரும், பதுங்கி வந்ததை மறந்து, சேகண்டியின் முதல் அடியிலேயே வாய்க்கால் சுவரைப் பற்றிக் கரைமேல் தாவினார்கள். துப்பாக்கி அவர்களை இடுப்புக்குக் குறுக்கே அறுத்தது. ஒருவன் கரைமேல் முழங்கால் போட்டபடியே தலை சிதறினான். இன்னொருவன் குடல் சரிந்து வாய்க்காலுக்குள்ளேயே திரும்ப விழுந்தான்.

முன்னால் போன படைப் பையன்களுக்குச் சேகண்டி ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் மலைக்காட்டு ஊர்களிலிருந்து வந்தவர்கள், மானாவாரிச் சோளம் விதைத்தவர்கள். மேலே குண்டு பறப்பதைப் பார்த்துக் குழாய் வாய்க்குள்ளேயே நெருக்கியடித்துப் பதுங்கினார்கள். எந்தப் படையாளும் அதைத்தான் செய்வான். தண்ணீர் அவர்களை அங்கே பிடித்தது. வெள்ளையாக, சத்தத்துக்கு முன்னாலேயே வந்தது. ஒருவனை எதிர்ச் சுவரில் அறைந்து அங்கேயே நசுக்கி வைத்துக்கொண்டது. மற்றவர்களைக் கற்களோடு உருட்டிக்கொண்டு போனது.

கிசுனின் காலும் தாவியது. ஆனால் அவன் அப்போது குழாய் வாய்க்குப் பக்கத்தில், கரையின் அடிவாரத்தில் இருந்தான். தாவிய இடம் பைன் மரங்களின் பக்கம் இல்லை, கரைச் சரிவின் கற்கள்மேல். போகிற போக்கில் பக்கத்தில் இருந்தவனின் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்தான். அது ப்யோ. தண்ணீர் ப்யோவின் ஒரு பூட்ஸை மட்டும் எடுத்துக்கொண்டது.

ப்யோ கீழே பார்த்தான். அவனோடு எல்லை தாண்டி ஓடிவந்தவர்கள் யாரும் தெரியவில்லை. கரைமேல் ஏறினான். கிசுன் பின்னாலேயே ஏறினான்.

பனிக்குள் உருளைப் பக்கம் இரண்டு உருவங்கள். ப்யோ முழங்கால் போட்டு ஹோவின் நெஞ்சில் சுட்டான். ஹோ உட்கார்ந்து, இருமி, வாயில் ரத்தத்தோடு பக்கவாட்டில் சாய்ந்தான். கீழே மரங்களுக்குள் இருந்தவன் தன் தலைவன்தான் சுடுகிறான் என்று நினைத்திருப்பான். வாய்க்காலையே சுட்டுக்கொண்டிருந்தான்.

ப்யோ துப்பாக்கியைத் தால்சுவின் பக்கம் திருப்பினான்.

"சொன்னியேப்பா," என்றான் கிசுன். "கை படாதுன்னு சொன்னியே."

"இவன்தான் தொறந்தான். எங்க பசங்கள எலி மாதிரி கழுவி விட்டிருக்கான்."

"அவன் சேகண்டி அடிச்சான். அடிச்சதாலதான் நீ உசுரோட இருக்க."

"அது உங்க ஊரு பாஷ. எனக்குப் புரியாது. தள்ளி நில்லு, மாமா."

துப்பாக்கியின் தாழை இழுத்தான். ஈரத்தில் தோட்டா சிக்கியது. இரண்டாம் முறை இழுக்கும்போது கிசுன் உருளையிலிருந்து இரும்புத் தண்டை உருவினான். உருவியதும் சங்கிலி தடதடவென்று ஓடியது. அவன் அதைப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் ப்யோவின் காதுக்கு மேல் அடித்தான். எலும்பு உள்ளே போகும் சத்தம் கேட்டது. ப்யோ விழுந்தும் கை தாழைத் தேடியது. இன்னொரு முறை அடித்தான். அப்புறம் தேடவில்லை.

தால்சு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். தண்டு இல்லாமல் இறங்கிய அடிக்கண் கட்டை ஓட்டத்தில் கோணலாகப் போய்க் கண்ணின் விளிம்பில் குறுக்கே சிக்கிக்கொண்டது. மூடவும் இல்லை, விலகவும் இல்லை. பாதித் தண்ணீர் அதன் ஓரமாகப் போய்க்கொண்டே இருந்தது. ஏரி வற்றினால்தான் இனி அதை யாரும் சரிசெய்ய முடியும்.

"வா மாப்பிள்ளை, போயிடலாம்," என்றான் கிசுன்.

"ஓக்பூனை யாரு கூட்டிட்டு வருவா? நான் போனா அவளத்தான் பிடிப்பாங்க." தால்சு தண்டை அவன் கையிலிருந்து வாங்கினான். ரத்தம் தன் உள்ளங்கையில் ஒட்டும்படி நன்றாகப் பிடித்துக்கொண்டான். "ஹோவ இவன் சுட்டான். இவன நான் அடிச்சேன். அவ்வளவுதான் நடந்துச்சு."

"அது என் கொலைடா."

"உன் பக்கம் கொலை. என் பக்கம் பதக்கம். யாருக்கு உதவுதோ அவன் எடுத்துக்கட்டுமே."

"எங்க பக்கத்து ஆளுங்க உன்னத் தேடி வந்து கொல்லுவாங்க."

"இப்ப மட்டும் மாலை போடறாங்களாக்கும். போ மச்சான், பனி விலகுது."

கிசுன் மேற்குச் சரிவில் இறங்கி ஊர் சேர்ந்தபோது தண்ணீர் அவனுக்கு முன்பே வந்துவிட்டிருந்தது. வாய்க்காலின் கடைமடை வரைக்கும் ஜனங்கள் நின்று, பிணங்களை ஒருபக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டே மறுபக்கம் வயலுக்கு மடை வெட்டினார்கள். புருஷன் பிணத்தை அடையாளம் கண்ட ஒருத்தி, அழுதுகொண்டே தன் வயலுக்கான மடையையும் வெட்டினாள். நடவுக்கு இனி நாளில்லை.

மாலையில் வடக்குக் குன்றிலிருந்து ஒலிபெருக்கி பேசியது. எதிரிகளின் தலைவனை வெறுங்கையாலேயே கொன்ற மக்கள் வீரன் தால்சு என்றது. இரும்புத் தண்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பேக்சொக் முழுவதும் கேட்டது. போலீஸ் அதிகாரி கிசுனைக் கூப்பிட்டனுப்பினார்.

"நீ மேல வரைக்கும் போனவன். ப்யோவ யாரு கொன்னது?"

கிசுன் தன் கையைப் பார்த்தான். நகக்கண்ணில் ரத்தம் இருந்தது. அந்த அறையில் எல்லோர் கையிலும் ரத்தம் இருந்தது. அன்று முழுவதும் பிணம் தூக்கியவர்கள்.

"மதகுக்காரனுங்க."

"பேரு சொல்லு."

"தால்சு."

அதிகாரிக்குப் பின்னால் ப்யோவின் சித்தப்பா மகன் நின்றிருந்தான். இனி அவன்தான் படைக்குத் தலைவன். அழுத கண்ணோடு முன்னால் வந்தான்.

"அவன் கழுத்த அறுக்காம நான் இந்த ஊர விட்டுப் போகமாட்டேன். நாளைக்கே போறோம். வாய்க்கால் வழி உனக்குத்தான் தெரியும் மாமா. நீதான் காட்டணும்."

அறையில் எல்லோரும் கிசுனைப் பார்த்தார்கள். முடியாது என்றால் ஏன் என்று கேட்பார்கள். வெளியே வாய்க்கால் ஓடும் சத்தம் கேட்டது. ஏரி வற்றக் கோடை முடிய வேண்டும். மழை பெய்தால் இன்னும் தள்ளிப்போகும்.

"காட்டறேன் தம்பி," என்றான் கிசுன். "ஆனா வாய்க்கால்ல இப்ப தண்ணி போகுது. தண்ணி நிக்கட்டும்."