இரண்டு ரூட்டரும் ஒரு விலாசமும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு வந்த பஸ்ஸில் பிறந்தது. பக்கத்து சீட்டில் விதுஷா. தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் பிறந்து, நெட்வேர்க் படித்து, பதுளையில் மண்சரிவு எச்சரிக்கை அனுப்பும் ஓர் அலுவலகத்தில் (பெயர் கேட்காதீர்கள், நானே கட்டியது) வேலை செய்கிறவள். என்ன வேலை என்று கேட்டேன்.

"நா வேலைய ஒழுங்கா செஞ்சா ஒன்னுமே நடக்காதுண்ணே."

அடடா! ஒன்றுமே நடக்காததை எப்படி எழுதித் தொலைப்பது?

2

முதல் தொடக்கம்: கொஸ்லந்தை மலைகளில் மேகம் இறங்கியபோது—

சீ. மேகம் இறங்காத மலையகக் கதை எங்கே இருக்கிறது? அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: சுவிட்ச் கிளஸ்டர் என்பது யாதெனில்—

பாடப்புத்தகம். ஆனாலும் இதைச் சொல்லாமல் கதை நகராது, பொறுத்துக்கொள்ளுங்கள். மலையில் மண் அசைவதைப் பார்க்கும் கருவி இருக்கிறது. அதன் சேதி பதுளைக்கு வந்து, ஆபத்தென்றால் லயத்துச் சைரனுக்குத் திரும்பிப் போகவேண்டும். நடுவில் நின்று சேதிக்கு வழிகாட்டும் ரூட்டர் செத்தால் சைரன் ஊமை, அதன் பெட்டியில் எரியும் பச்சை லைட்டும் அணைந்துவிடும். ஆகவே இரண்டு ரூட்டர், இரண்டுக்கும் பொதுவாக ஒரே விலாசம். ஒன்று விழுந்தால் மற்றது அதே விலாசத்தில் நின்று பதில் சொல்லும். சரி, கேபிள்களை ஒன்றுசேர்க்கும் பெட்டியான சுவிட்ச் ஒன்றே ஒன்றில் இரண்டும் தொங்கினால்? அது செத்தால் இரண்டும் வீண். அதனால் சுவிட்சையும் இரண்டாக்கி, ஒன்றுபோலவே நடந்துகொள்ளும்படி பிணைத்து (இதுதான் கிளஸ்டர்), ஒவ்வொரு ரூட்டரிலிருந்தும் இரண்டுக்கும் கேபிள். எது செத்தாலும் மலைக்குத் தெரியாது.

(எழுதும்போதே எனக்கு உடம்பு சிலிர்த்தது. சிரிக்காதீர்கள். எங்கள் வீட்டில் ஒருத்தர் காய்ச்சலில் படுத்தால் அன்று சோறே கிடையாது.)

3

விதுஷாவின் தங்கச்சி விஜயலெட்சுமி, கைக்குழந்தையோடு அந்த மலைக்குக் கீழே லயத்தில் இருக்கிறாள். மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்களை மூடியதற்குப் பிறகு அந்தப் பக்கம் மழை பெய்தால் ஆட்கள் மலையைத்தான் பார்க்கிறார்கள்.

இரட்டை ஏற்பாடு முடிந்தது. அது வேலை செய்யுமா என்று அறிய ஒரே வழி, ஓடிக்கொண்டிருப்பதைப் பிடுங்கிப் பார்ப்பதுதான். அன்று பகல் மழை பிடித்திருந்தது.

"இப்ப வாணாம் புள்ள. மழ விடட்டும்," என்றார் பொறுப்பாளர் ஸலீம்.

"மழ இல்லாதப்ப மட்டும் வேல செஞ்சு என்னாங்க சார் பிரயோசனம்?"

"ரெண்டாவது எழும்பாட்டி?"

"கேபிள் கையிலயே இருக்கும் சார். ஒடனே மாட்டிருவேன்."

(ஸலீமைக் கெட்டவராக்க ஆசைப்பட்டேன், கதைக்கு வசதி என்று. ஆனால் மனுசன் பயந்ததும் அதே லயத்துக்காகத்தான். விட்டுவிட்டேன்.)

4

தங்கச்சிக்குப் போன் போட்டுக் காதில் வைத்துக்கொண்டே முதல் ரூட்டரின் இரண்டு கேபிளையும் பிடுங்கினாள். பிறகு ஒரு சுவிட்சின் கரண்டையும் நிறுத்தினாள்.

"சைரன் பொட்டியில பச்ச லைட் எரியுதாடி?"

"எரியுதுக்கா. ஏன்?"

"நடுவுல அணைஞ்சிச்சா?"

"இல்லக்கா, பாத்துக்கிட்டேதானே இருக்கேன். என்னா நடந்துச்சு?"

"ஒன்னுமில்லடி," என்றாள் விதுஷா, அழுதுகொண்டே. ஸலீம் "அல்ஹம்துலில்லாஹ்" என்று நாற்காலியில் சாய்ந்தார்.

இவ்வளவு பெரிய 'ஒன்னுமில்ல'வை நான் கேட்டதே இல்லை. பாதி செத்துப்போய்க் கிடக்கிறது, மலை நிம்மதியாகப் பேசிக்கொண்டிருக்கிறது! இங்கேயே முடித்திருப்பேன், ஆனால் விஜயலெட்சுமி போனை வைக்கவில்லை.

5

"அப்போ சைரன் கட்டாயம் அடிக்கும்?"

"அடிக்கும்டி."

"அடிச்சா நாங்க எல்லாரும் ஓடைப் பாலத்துலதானே எறங்கணும்? வேற வழி இல்லியே. அது போயிருச்சுன்னா?"

விதுஷா பிடுங்கிய கேபிள்களை ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டினாள்.

முடிவு அ: அடுத்த மாதமே தோட்டத்தில் இரண்டாவது பாலம்— (யார் கட்டியது? நானா? அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: நல்லவேளை, மழை விட்டது— (மழை எப்படியும் ஒருநாள் விடும். திரும்பியும் வரும்.)

ஒரு வரி போதும், அந்த ஓடையின் மேல் இன்னொரு பாலம் போட்டுவிடுவேன். போடமாட்டேன். போட்டால் நீங்கள் நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவீர்கள்.

"அக்கா, கேக்குதா?" என்கிறாள் விஜயலெட்சுமி. குழந்தை சிணுங்குகிறது. விதுஷா போனை ஸலீமிடம் நீட்டுகிறாள். அவர் எழுதுகிற என்னிடம் நீட்டுகிறார்.

இந்தாருங்கள், லைனில்தான் இருக்கிறாள். நீங்கள் பேசுங்கள்.