காகிதத்தோடு போட்ட எடை

ஆர்லன் ஸ்வபோடாவுக்குத் தராசைக் கண்டாலே ஆகாது. கடையில் தக்காளி நிறுக்கும் இடத்தில் நின்றால்கூடக் காதோரம் ஓர் இளைஞனின் குரல் கேட்கும்: "பேப்பரையும் சேர்த்தா சார் எடை போட்டீங்க?" கோபமாகக் கேட்டாலாவது திருப்பிக் கத்தலாம். அது மரியாதையாகக் கேட்கும். பதினோரு வருடமாக அதே மரியாதை. மனைவியிடம் காதில் இரைச்சல் என்று சொல்லிவைத்தார். அவளும் ஊரில் உள்ள காது டாக்டர்களிடமெல்லாம் கூட்டிப்போய் ஓய்ந்துவிட்டாள்.

நெப்ராஸ்கா சட்டமன்றத்தில் எந்த மசோதாவானாலும் ஊராரைக் கேட்டாக வேண்டும். யாரும் குழுவின் முன் உட்கார்ந்து மூன்று நிமிடம் பேசலாம். முதலில் ஆதரிப்பவர்கள், பிறகு எதிர்ப்பவர்கள். கஞ்சா வைத்திருந்ததற்காக மட்டும் யாரையும் சிறையில் போடக் கூடாது என்ற மசோதா வருடாவருடம் வரும், குழுவிலேயே செத்துப்போகும். கவுண்டி என்னும் மாவட்டங்களின் போலீஸ் தலைவர்களான ஷெரீப்புகளின் சார்பில் அதை எதிர்த்துப் பேசுவது ஆர்லன்தான். போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அவரைத்தான் அனுப்பினார்கள். நரைத்த மீசை, கணீர்க் குரல், பொய் சொல்லாத முகம். வேறென்ன வேண்டும்?

ஆதரித்துப் பேசத் தவறாமல் வருபவள் லோரெட்டா வீஸ். வால்னட் கவுண்டிச் சிறையில் தூக்கு மாட்டிக்கொண்ட டேரினின் அம்மா. அவனைப் பிடித்து உள்ளே போட்டவர் ஆர்லன். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் அவர்மேல் கோபமில்லை, அதுதான் கொடுமை.

இந்த வருடமும் மசோதா குழுவுக்கு வந்தது. அன்று மதியம் சட்டமன்ற உணவு விடுதியில் அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள். தட்டில் சில்லி என்னும் கறி பீன்ஸ் குழம்பும், தொட்டுத் தின்னப் பட்டைத்தூள் போட்ட இனிப்பு ரொட்டியும்.

"என்ன ஆர்லன், இந்த வருஷமும் என்னைக் கவுக்கத்தான் வந்தீங்களா?"

"வேலை அப்படி, லோரெட்டா."

"பென்ஷன் வாங்குற ஆளுக்கு என்ன வேலை? வீட்ல விரட்டிட்டாங்கன்னு சொல்லுங்க." சிரித்தாள். பிறகு ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "உங்களை ஒண்ணும் சொல்லலை. முப்பத்தி மூணு கிராம் இருந்தா நீங்கதான் என்ன பண்ணுவீங்க? கொஞ்சம்தாம்மான்னு கூசாம பொய் சொன்னான் பாருங்க, அதைத்தான் இன்னும் மன்னிக்க முடியலை. நான் அவன் கல்லறைக்கே போறதில்லை" என்றாள்.

ஆர்லன் தன் தட்டைத் தள்ளி வைத்தார். இருபத்தெட்டு கிராமுக்குள் என்றால் அபராதச் சீட்டு எழுதி வீட்டுக்கு அனுப்ப வேண்டும். தாண்டினால்தான் சிறை. அந்த வெள்ளிக்கிழமை மகளின் கூடைப்பந்து ஆட்டத்துக்குப் போகும் அவசரம் அவருக்கு. செய்தித்தாளில் சுற்றி ரொட்டிப் பையில் திணித்திருந்த கஞ்சாப் பொட்டலத்தைப் பிரிக்காமலே தராசில் வைத்தார்; முப்பத்து மூன்று காட்டியது. அங்கே எல்லோரும் அப்படித்தான் வைப்பார்கள். சரியான எடையை ஆய்வகம் பார்த்துக்கொள்ளும். டேரின் கேட்டான், மரியாதையாகத்தான் கேட்டான். "திங்கக்கிழமை ஜட்ஜ்கிட்ட கேளுப்பா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். ஞாயிற்றுக்கிழமை அவன் உயிரோடு இல்லை. பத்து நாள் கழித்து ஆய்வகத் தாள் வந்தது: இருபத்தைந்து கிராம். செத்தவன்மேல் ஏது வழக்கு என்று மேலே இருந்தவர்கள் கையை உதறினார்கள். தாளைக் கோப்புக்குள் வைத்து மூடியவர் ஆர்லன்.

இரண்டு மணிக்குக் குழுத் தலைவி அவர் பெயரைக் கூப்பிட்டார். பேசலாம் என்று மேசைமேல் பச்சை விளக்கு எரிந்தது. எழுதிக் கொடுத்த பேச்சு கையில் இருந்தது. காதோரம் குரல் ஆரம்பித்தது. இத்தனை வருடத்தில் முதல் முறையாக அவர் அதற்குப் பதில் சொன்னார்.

"ஆமா. பேப்பரையும் சேர்த்துத்தான் எடை போட்டேன்."

ஒலிபெருக்கி அதை அறை முழுக்கச் சொன்னது. தராசு, ஆட்டம், ஆய்வகத் தாள், எதையும் மறைக்கவில்லை. பிள்ளை பொய் சொல்லவில்லை என்று அந்தத் தாய்க்குத் தெரிந்தால் போதும். அவள் அடிக்கட்டும், கோர்ட்டுக்கு இழுக்கட்டும், மகனை மட்டும் மன்னித்துவிடட்டும். நேரம் முடிந்து சிவப்பு விளக்கு எரிந்தபோது காதோரம் அந்தக் குரல் இல்லை. நிம்மதியில் அவருக்கு அழுகை வந்தது.

"மிஸ்டர் ஸ்வபோடா," தலைவி தயங்கினார், "உங்களை எதிர்ப்பாளர்னு எழுதியிருக்கு. அப்படியே வெச்சுக்கலாமா?"

அவர் வாய் திறக்குமுன் முன்வரிசையில் லோரெட்டா எழுந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அந்த வெள்ளிக்கிழமை நீங்கதானே எனக்குப் போன் பண்ணி முப்பத்தி மூணுன்னு சொன்னீங்க?"

"ஆமா, லோரெட்டா."

"சனிக்கிழமை அவன் ஜெயில்லேர்ந்து கூப்பிட்டான். 'கொஞ்சம்தாம்மா, தப்பா எடை போட்டுட்டாங்க, ஜாமீன்ல கூட்டிட்டுப் போம்மா'ன்னு அழுதான்." நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "போலீஸ்காரர் எதுக்குடா பொய் சொல்லப் போறாரு, அங்கேயே கிடன்னு சொல்லிப் போனை வெச்சுட்டேன், ஆர்லன்."