அய்யலுசாமி நடுவில் வர வேண்டிய நாள்

குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் டிவியில் தொடங்கிவிட்டால், சாத்தூர் வாய்க்கால் தெருவில் வீட்டுக்கு ஒருவர் பனியில் சறுக்கிவிட்டு வர வேண்டும். யார், எந்தப் போட்டி, எத்தனை மணிக்கு என்பதெல்லாம் முதல் நாள் சாயங்காலம் திரையின் அடியில் ஓடும் பட்டியலில் வந்துவிடும். இந்தத் தடவை பதினோராம் நாள், ஆண்கள் மலைச்சறுக்கு, நாற்பத்தொன்றாம் எண், அய்யலுசாமி என்று வந்தது. அவர் பஸ் நிலையத்தில் டைம் கீப்பர். பேரைப் பார்த்ததும் போய் ஒரு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, வழக்கம்போல மூன்று தோசை சாப்பிட்டார். அவர் மனைவி தனபாக்கியத்துக்குத்தான் ஒரு வாய்கூட இறங்கவில்லை.

சறுக்குவது ஒன்றும் பெரிய காரியமில்லை. டிவிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் போதும். பேரைக் கூப்பிட்டதும் ஆள் மலை உச்சியில் நிற்பார். உடம்பு நாற்காலியிலேயே இருக்கும். அதைத் தொடக் கூடாது, அவ்வளவுதான். கீழே வந்து சேர்ந்தவர்கள் விளம்பரம் முடிவதற்குள் திரும்பிவிடுவார்கள். விழுந்தவர்கள் திரும்புவதில்லை. கொத்தனார் சேர்மக்கனி எட்டு வருஷத்துக்கு முன்னால், சரிவில் வரிசையாக நட்டிருக்கும் கொடிகளில் பன்னிரண்டாவதன் பக்கத்தில் விழுந்தார். இன்றைக்கும் கேமரா அந்த இடத்தைக் கடக்கும்போது ஆரஞ்சு வலைக்குப் பக்கத்தில் அவர் தலையில் கட்டியிருந்த துண்டு தெரியும்.

முதல் மூன்று இடத்தில் வந்தவர்களும் திரும்புவதில்லை. அவர்கள் பதக்கத்தை மாட்டிக்கொண்டு மேடையிலேயே நிற்க வேண்டும். ஆள் சேரச் சேர மேடையை நீட்டிக் கட்டிக்கொண்டே போகிறார்கள். இப்போது அதை ஒரே பார்வையில் காட்ட எந்தக் கேமராவாலும் முடிவதில்லை. அதனால் வாய்க்கால் தெருவில் யாரையும் ஜெயித்து வரச் சொல்லி அனுப்புவதில்லை. "நடுவுல வாங்க" என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். பள்ளிக்கூடத்தில் முதல் ரேங்க் வாங்கிய பிள்ளையை இந்தத் தெருவில் துக்கம் விசாரிப்பதுபோல் விசாரித்துவிட்டுப் போவார்கள்.

போட்டி அன்று காலை எட்டு மணிக்கே தனபாக்கியம் டிவியைப் போட்டுவிட்டாள். முதலில் கல்லை உருட்டுகிற ஆட்டம் வந்தது. ஒருத்தி கல்லை வழுக்கி விட, இரண்டு பேர் அதற்கு முன்னால் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டே ஓடினார்கள். தனபாக்கியத்துக்கு அந்த ஆட்டம் பிடிக்கும். வீடு பெருக்குவதற்கு மார்க் போடுகிற ஒரு நாடாவது உலகத்தில் இருக்கிறதே என்று நினைப்பாள். ஆனால் அன்றைக்கு அவள் கண் துடைப்பத்தின் மேல் நிற்கவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த புருஷனையே பார்த்தாள். காக்கிச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, டியூட்டிக்குப் போகிறவர்போல் அவர் உட்கார்ந்திருந்தார்.

பத்து மணிக்கு ஜோடி நடனம். ஐஸ் மேல் ஒருத்தன் ஒருத்தியைத் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றினான். பன்னிரண்டரைக்குத் துப்பாக்கியை முதுகில் கட்டிக்கொண்டு ஓடுகிறவர்கள் வந்தார்கள். அதற்குள் வீடு குளிர்ந்துவிட்டது. வெளியே தெருவில் தார் இளகிக்கொண்டிருந்தது. உள்ளே தேங்காய் எண்ணெய் பாட்டிலில் உறைந்துபோனது. தனபாக்கியம் பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. அய்யலுசாமியின் மீசையில் வெள்ளையாகப் பொடிப்பொடியாகப் படிந்திருந்ததை அவர் அடிக்கடி துண்டால் தட்டி விட்டுக்கொண்டார்.

"ரசம் ஊத்தவா?" என்று கேட்டாள்.

"வேண்டாம். வயிறு லேசா இருக்கட்டும்."

"நடுவுலதான் வரணும், கேட்டீங்களா? இருபதோ இருபத்தஞ்சோ. அதுக்கு மேலயும் வேண்டாம், கீழயும் வேண்டாம்."

"எனக்கா டைமைப் பத்திச் சொல்லுத?" என்றார் அவர். முப்பது வருஷமாக எந்த பஸ்ஸையும் ஒரு நிமிஷம் முன்னாலோ பின்னாலோ விட்டதில்லை என்கிற கர்வம் அவருக்கு உண்டு. தனபாக்கியத்துக்கும் அதில் பெருமைதான். ஆனால் பயம் பயம்தான். இருபத்தேழு வருஷத்தில் இந்த மனுஷன் இல்லாமல் அவள் ஒரு நாள்கூட விளக்கு வைத்ததில்லை. அவர் திரும்பி வர வேண்டும். அதைத் தவிர அவளுக்கு அன்றைக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

மூன்று பத்துக்கு வர்ணனையாளர் "அயாலூ சேமி" என்றார். நாற்காலியில் இருந்தவரின் கண் மூடியது. திரையில், மலை உச்சியில், காக்கிச் சட்டைக்கு மேல் நாற்பத்தொன்று என்று எழுதிய துணியோடு அய்யலுசாமி நின்றார். காலில் நீளப் பலகைகள். முதலில் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். பிறகு மணிக்கட்டைத் திருப்பி மணி பார்த்துக்கொண்டார்.

மலையில் இருப்பவர்களுக்கு அவரவர் வீட்டுச் சத்தம் மட்டும்தான் கேட்கும். அதனால் வீட்டில் மூச்சு விடக் கூடாது. தனபாக்கியம் குக்கரைக் காலையிலேயே இறக்கி வைத்திருந்தாள். காலிங் பெல்லின் ஒயரைப் பிடுங்கிப் போட்டிருந்தாள். பின் வாசலைச் சாத்தத்தான் மறந்துவிட்டாள்.

அய்யலுசாமி புறப்பட்டார். சிவப்புக் கொடி, நீலக் கொடி, சிவப்புக் கொடி. அவசரமில்லாமல், நெரிசலில் பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கிற டிரைவரின் நிதானத்தோடு வளைந்து வளைந்து இறங்கினார். ஓரத்தில் ஓடிய எண் இருபத்திரண்டாம் இடம் என்று காட்டியது. தனபாக்கியம் அப்போதுதான் மூச்சு விட்டாள்.

பின் வாசல் வழியாக இந்திராணி வந்தாள். எதிர்வீட்டுக்காரி. கூடவே நான்கு பெண்கள். வந்த வேகத்தில் ஐந்து பேரும் டிவிக்கு முன்னால் நின்று குலவை போட்டார்கள். சாமி புறப்பாட்டுக்குப் போடுகிற குலவை. கூரை ஓடு அதிர்ந்தது.

மலையில் அது கேட்டது. அய்யலுசாமியின் முதுகு நிமிர்ந்தது. குலவைச் சத்தத்துக்குச் சும்மா இருக்கிற உடம்பா நம்முடைய உடம்பு? முழங்காலை மடக்கி, தலையைத் தாழ்த்தி, அவர் பாய்ந்தார். பன்னிரண்டாவது கொடியை அவர் கடந்தபோது வலைக்குப் பக்கத்தில் சேர்மக்கனியின் தலைத்துண்டு காற்றில் படபடத்தது. பதினேழாம் இடம். பதினோராம் இடம்.

"மதினி, நிறுத்துங்க!" தனபாக்கியம் சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்து, இந்திராணியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

இந்திராணி குலவையை நிறுத்தினாள். மற்ற நான்கு பேரும் நிறுத்தவில்லை. இந்திராணி அவள் காதோரம் குனிந்தாள்.

"எங்க வீட்டுக்காரரு அங்க தனியா நிக்காரு, தனம். போன தடவை ரெண்டாவதா வந்தாருல்ல. இந்தப் பக்கமும் வெள்ளைக்காரன், அந்தப் பக்கமும் வெள்ளைக்காரன். ஒரு வார்த்தை பேச ஆளில்ல. தம்பி வந்து பக்கத்துல நின்னா ரெண்டு பேரும் ஏதாவது பேசிக்கிடுவாக."

அவள் கண் கலங்கியிருந்தது. தனபாக்கியத்துக்கு அவளை அடிக்கவும் தோன்றியது, அணைத்துக்கொள்ளவும் தோன்றியது. இரண்டுக்கும் நேரமில்லை.

திரையில் ஒரு பக்கமாகச் சின்னக் கட்டம் போட்டு, அதுவரை மூன்றாம் இடத்தில் இருந்தவனைக் காட்டினார்கள். செம்பட்டைத் தாடிக்காரன். அய்யலுசாமியின் எண் பச்சையாக மாறி, மூன்றாம் இடம் என்று வந்ததைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. நான்காவதாகிவிட்டான், இனி வீட்டுக்குப் போகலாம். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான். யாருக்கோ போன் போட்டுச் சிரித்துச் சிரித்துப் பேசினான்.

டிவியை அணைத்தால் அய்யலுசாமி அணைத்த இடத்திலேயே நின்றுவிடுவார். மெதுவாக வாங்க என்று கத்தினால் குலவையில் அது எடுபடுமோ என்னவோ. எடுபட்டாலும், பெண்டாட்டி சொல்லி வேகத்தைக் குறைக்கிற ஆண்பிள்ளை அந்தத் தெருவில் இல்லை. இன்னும் ஒன்பது கொடிதான் இருந்தது.

தனபாக்கியம் திரைக்குப் பக்கத்தில் போய், இருபத்தேழு வருஷமாக அவரிடம் கேட்காத ஒன்றை உரக்கக் கேட்டாள்.

"ஏங்க, எங்க போறீங்க?"

குலவை போட்ட பெண்கள் நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். வெளியே கிளம்புகிறவரைப் பார்த்து யாராவது அப்படிக் கேட்பார்களா? தூரமா என்று வேண்டுமானால் கேட்கலாம். எங்கே என்று கேட்டால் போகிற காரியம் உருப்படாது. அப்படி ஒருமுறை பால்காரர் கேட்டதற்கு, அய்யலுசாமி பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து, செருப்பைக் கழற்றி, உட்கார்ந்து, ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்பினார். அன்றைக்கு முதல் பஸ் புறப்பட அரை நிமிஷம் இருக்கும்போதுதான் போய்ச் சேர்ந்தார்.

மலையில் அய்யலுசாமி பலகைகளைக் குறுக்கே திருப்பி நின்றார். பனி சீறி எழுந்து அடங்கியது. முகத்தில் எரிச்சல் தெரிந்தது. "தூ" என்று துப்பினார். பலகைகளைக் கழற்றிக் கொடியில் சாய்த்து வைத்தார். சரிவில் நாலடி மேலே ஏறிப்போய் அப்படியே உட்கார்ந்தார்.

வாய்க்கால் தெருவே அசையாமல் பார்த்தது. நடுவர்கள் மூன்று பேர் ஓடி வந்து சுற்றி நின்று, புத்தகத்தைப் புரட்டினார்கள். விழுந்தவனா, உட்கார்ந்தவனா என்பதுதான் அவர்களுடைய கேள்வி. நாற்காலியில் இருந்த உடம்பின் உதடு நீலமாகிக்கொண்டே வந்தது. ஒரு நடுவர் குனிந்து அவருடைய பின்பக்கத்தைப் பார்த்தார். அய்யலுசாமி சம்மணம் போட்டிருந்தார். விழுகிறவன் சம்மணம் போட மாட்டான் என்று முடிவாகியிருக்க வேண்டும். இன்னொரு நடுவர் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அய்யலுசாமி அண்ணாந்து, வாய் படாமல் குடித்தார்.

பிறகு எழுந்து, உடையைத் தட்டிவிட்டு, பலகைகளை மாட்டி, மீதிக் கொடிகளைச் சுற்றி ஒவ்வொன்றாக இறங்கி வந்தார். கடைசியாக இறங்கியவர் அவர்தான்; நாற்பத்தொரு பேரில் நாற்பத்தொன்றாம் இடம். விளம்பரம் போட்டார்கள். மூன்றாவது விளம்பரத்தில் நாற்காலியில் இருந்தவர் தும்மினார்.

"ஏன் அப்படிக் கேட்ட?" என்றார்.

"சும்மாதான்" என்றாள். அழுதாள். அழுதுகொண்டே துண்டால் அவர் தலையைத் துவட்டினாள். இந்திராணி மற்ற பெண்களைக் கூட்டிக்கொண்டு பின் வாசல் வழியாகப் போய்விட்டாள்.

விளம்பரம் முடிந்ததும் மேடையைக் காட்டினார்கள். நீண்ட மேடையின் புதிய கோடியில், மூன்றாம் படியில், தோளில் மாட்டிய பையோடு அந்தச் செம்பட்டைத் தாடிக்காரன் ஏறி நின்றான். போன் காதில் இருந்தது. ஆனால் அவன் பேசவில்லை. தனபாக்கியம் அவன் முகத்தைப் பார்த்தாள். பார்த்திருக்க வேண்டாம் என்று நினைத்தாள். தான் செய்தது தப்பு என்று அவளுக்குத் தெரிந்தது. திரும்பவும் அதே நிலைமை வந்தால் திரும்பவும் கேட்பாள் என்பதும் தெரிந்தது.

ஐந்தரை மணிக்கு முன் வாசலில் ஒரு பெண் நின்றாள். உயரமான பெண், நாற்பது வயது இருக்கும். கணுக்கால் வரை பனி ஒட்டியிருந்தது. கையில் ஒரு துணிப்பை. யார் என்று தனபாக்கியம் கேட்கவில்லை. உள்ளே வரச்சொல்லி, நாற்காலியைக் காட்டி, காப்பி போட்டுக் கொடுத்தாள். அந்தப் பெண் காப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அய்யலுசாமியையே வெகுநேரம் பார்த்தாள். அவர் நெளிந்தார். சட்டைப் பொத்தானை மேலே வரை போட்டுக்கொண்டார்.

அவள் பேசிய பாஷை அவர்களுக்குத் தெரியாது. ஆனால் விஷயத்தில் குழப்பமில்லை. மேடையில் இவருடைய இடத்தில் அவள் புருஷன், அந்தச் செம்பட்டைத் தாடிக்காரன், நிற்கிறான். அவள் புருஷனுடைய இடம் அங்கே காலியாக இருக்கிறது. விறகு பிளக்க வேண்டும், வாசல் பனியை அள்ள வேண்டும், சாப்பாட்டு மேஜையில் எதிரே ஒரு ஆள் உட்கார வேண்டும். அவள் ஏழு விரலைக் காட்டினாள்.

"ஏழு நாளும் முடியாதும்மா" என்றாள் தனபாக்கியம். "ஞாயித்துக்கிழமை கறி எடுப்போம். அன்னைக்குத் தர முடியாது. சனிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாரு, அதோட பனியில நின்னா சளி புடிச்சிக்கிடும்."

அந்தப் பெண் இரண்டு விரலை மடக்கினாள்.

"எனக்கு டியூட்டி இருக்கு" என்றார் அய்யலுசாமி.

"ஷிப்டு மாத்திக்கிடுங்க" என்றாள் தனபாக்கியம், அவரைப் பார்க்காமல். "திங்கள், புதன், வெள்ளி. வெள்ளிக்கிழமை மட்டும் விளக்கு வைக்கிறதுக்குள்ள அனுப்பி வச்சிரணும்."

மூன்று விரலை நீட்டிக் காட்டினாள். அந்தப் பெண் தலையசைத்தாள். துணிப்பையைத் திறந்து, ஒரு ஜோடி கனத்த தோல் ஷூக்களை எடுத்து அய்யலுசாமியின் கால் அருகே வைத்தாள். அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து போட்டுக்கொண்டு, எழுந்து, அறைக்குள் இரண்டு அடி நடந்து பார்த்தார். குதிகால் கழன்றது.

"பெருசா இருக்கு" என்றார்.

தனபாக்கியம் அலமாரியிலிருந்து பழைய பேப்பரை எடுத்துவந்து தரையில் உட்கார்ந்தாள். தாளைக் கிழித்துச் சுருட்டி, இரண்டு ஷூவின் முனையிலும் இறுக்கமாகத் திணித்தாள்.

"இப்பப் போட்டுப் பாருங்க" என்றாள்.