அடுப்படிச் சுவரில் வந்த கடவுச்சொல்

வேலையிலிருந்து அவளை அனுப்பிய மறுநாள் காலை பத்தேகாலுக்கு, அலுவலகக் கம்ப்யூட்டரில் மேலாளர் தட்டிய எழுத்துகள் அவள் வீட்டு அடுப்படிச் சுவரில் ஒவ்வொன்றாக முளைத்தன. கரி நிறம், கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. முதலில் அவருடைய பிறந்த தேதி, அடுத்து அவர் மனைவியின் பெயர், பிறகு 'திமிர் பிடித்தவள்'. வெங்காயம் நறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் படித்தாள். கம்ப்யூட்டரை ஓட்டும் லினக்ஸ் மென்பொருளின் கறுப்புத் திரையில் கடவுச்சொல்லை அடிக்கும்போது ஒரு புள்ளிகூட விழாது, அதுதான் அதன் வழக்கம். விழாத எழுத்துகளும் எங்காவது போய்ச் சேரத்தானே வேண்டும். இது தெரியாத மேலாளர் கீபோர்டு செத்துவிட்டதென்று நான்கு கீபோர்டு மாற்றினார்.

சரக்கு அனுப்பும் அந்த அலுவலகத்தில், குப்பைக்குப் போகவிருந்த பதினொரு பழைய கம்ப்யூட்டர்களில் லினக்ஸ் ஏற்றி ஓடவைத்தவள் அவள். வெற்றுத் தாளாகவே துப்பிய பிரிண்டரை வழிக்குக் கொண்டுவர மட்டும் மூன்று வாரம் மல்லுக்கட்டினாள். முதலாளி பாராட்ட வந்தபோது மேலாளர் முந்திக்கொண்டார். "எல்லாம் நான் பண்ணதுதான் சார். இந்தப் பொண்ணு தூசி தட்டிக் குடுத்தா."

அவள் அன்றே பதினொன்றிலும் கடவுச்சொல்லை மாற்றினாள். முதலாளியிடம் உண்மையைச் சொல்ல அவள் நேரம் கேட்டது மேலாளர் காதுக்கு எட்டியதும் வேலை போனது. "பாஸ்வேர்ட எழுதி வெச்சிட்டுப் போ" என்றார்.

"நெஜத்த அடிங்க சார், தொறக்கும்."

ஆறு நாள் அவர் பொய்யாகவே அடித்துப் பார்த்தார். பிரிண்டர் நின்று, சரக்குச் சீட்டு அச்சாகாமல் வண்டிகள் வாசலில் முடங்கின. ஏழாம் நாள் முதலாளி பக்கத்திலேயே வந்து நின்றார். மேலாளரோ ஒற்றை விரலால், ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லித்தான் அடிப்பவர். வாயை மூடிக்கொண்டால் அவருக்கு விரல் ஓடாது. 'இதையெல்லாம் செய்தது அவள்தான், நான் இல்லை' என்று அவர் சொல்லச் சொல்ல அடுப்படிச் சுவரில் வரி நிறைந்தது. கம்ப்யூட்டர் திறந்துகொண்டது.

மேலாளரை நீக்கிவிடுவதாகச் சொல்லி முதலாளி ஆளனுப்பிக் கூப்பிட்டார். அவள் போகவில்லை. "அந்தாளு அங்கயே இருக்கட்டும், அதான் எனக்கு வேணும்" என்றாள். மேலாளர் எத்தனையோ முறை கடவுச்சொல்லை மாற்றினார். இயந்திரம் மறுக்காமல் வாங்கிக்கொள்ளும், ஆனால் வாராவாரம் திங்கட்கிழமை மென்பொருள் புதுப்பிப்பு ஏற்றும்போது அந்தப் பழைய வரியையே கேட்கும். ஒன்பது வருடம் போயிற்று. அவள் புருஷன் சுவருக்கு மூன்று தடவை வெள்ளையடித்து, பிறகு அந்த இடத்தை விட்டுவிட்டு அடிக்கப் பழகிக்கொண்டான்.

இப்போதும் திங்கள் பத்தேகாலுக்கு அவள் அடுப்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள். போன வாரம் 'அவள்தான்' என்பதில் அவர் ஓர் எழுத்தை விட்டுவிட்டார்.

"தப்பு. முதல்லேர்ந்து அடிங்க சார்" என்று சுவரிடம் சொல்லிவிட்டு டீயைக் குடித்தாள். சுவரில் மறுபடி முதல் எழுத்து வந்தது.