ஆறு பாட்டு, ஆறு புள்ளி

"நீ கூட வந்து பாடினாத்தான் நர்மு, எது சரியா வரும்னு எனக்குத் தெரியும்" என்று சந்திரமோகன் சொன்னானே, அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நர்மதா நான்கு நாள் பசி தெரியாமல் இருந்தாள். சோறு வடிக்கும்போது அதை நினைத்துக்கொண்டாள். பாப்பாவுக்குத் தலை பின்னும்போது நினைத்துக்கொண்டு, ஒரு பக்கப் பின்னலை மேலேயும் மறுபக்கத்தைக் கீழேயும் போட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவைத்தாள்.

அவள் மேடை ஏறி ஐந்து வருடம் முடிந்திருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அரசப்பனின் மெல்லிசைக் குழுவில் அவள்தான் பாடகி, சந்திரமோகன் கிடார். பொன்னேரி, கவரைப்பேட்டை, ஆரம்பாக்கம் என்று கோயில் திருவிழாக்களுக்கும் கல்யாண வரவேற்புகளுக்கும் ஒரே வேனில் போய் வந்ததில் இரண்டு பேருக்கும் பிடித்துப்போனது. பாப்பா வயிற்றில் வந்தபோது, "கொஞ்ச நாள் போவட்டும்" என்றான் அவன். அந்தக் கொஞ்ச நாள் இப்போது சீருடை போட்டுக்கொண்டு எல்கேஜி போகிறது.

அவன் மட்டும் போய்க்கொண்டிருந்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு இரும்பு ரோலிங் மில்லில் அவன் எலக்ட்ரீஷியன். கச்சேரி இருக்கிற நாளில் ஷிஃப்டை மாற்றிக்கொண்டு கிடாரோடு கிளம்பிவிடுவான். இந்த வருடம் ஆயுதபூஜைக்கு அந்த மில்லிலேயே கச்சேரி என்று முடிவானது. முதலாளி குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்பார். அதற்குத்தான் கிடாரோடு இணைக்கப் புதிதாக ஒரு டிலே பெட்டி வாங்க வேண்டும் என்று அவன் துடித்தான். அதற்குத்தான் நர்மதா கடைக்குக் கூட வந்து பாட வேண்டும் என்றான். மேடையில் தன்னைப் பாட வைக்கத்தான் கூப்பிடுகிறான் என்று அவள் நினைத்துவிட்டதில் அவள் தப்பு ஒன்றும் இல்லை.

இசைக்கருவிக் கடை சென்னையில் மவுண்ட் ரோடுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் இருந்தது. கடைக்காரர் பாக்கியநாதன் ஐம்பது தாண்டியவர், ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர். நர்மதாவைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"டிலேன்னா இன்னான்னு தெரியுமாம்மா? தம்பி ஒரு தடவ மீட்டுனா, அது திருப்பித் திருப்பிச் சொல்லும். அவ்ளோதான் சமாச்சாரம்."

நர்மதாவுக்குத் தெரியும். ஆனாலும் முதல் தடவை கேட்கிறவளைப் போலத் தலையாட்டினாள். அவளுக்கு அன்றைக்கு எல்லாமே முதல் தடவையாகத்தான் இருந்தது.

முதலில் டிஜிட்டல் வந்தது. சந்திரமோகன் அதைக் காலால் அழுத்திவிட்டு வாசிக்க, ஒவ்வொரு சுரமும் சொன்னது சொன்னபடி, ஜெராக்ஸ் எடுத்த மாதிரி பளிச்சென்று திரும்பி வந்தது. நர்மதா பாடினாள். அவள் குரலும் கிடாரும் கிடாரின் நகல்களும் ஒன்றை ஒன்று இடிக்காமல் நடந்தன. அவளுக்குப் பிடித்திருந்தது. அவன் உதட்டைப் பிதுக்கினான்.

பிறகு செங்கல் நிறத்தில், கையில் கனக்கிற ஒரு பெட்டியை எடுத்து வைத்தார் பாக்கியநாதன். அது அனலாக். அதில் திரும்பி வருகிற ஒலி பளிச்சென்று வரவில்லை. முதல் தடவை கொஞ்சம் மங்கி, இரண்டாவது இன்னும் மங்கி, அடுத்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவன் குரல் போல அடங்கியது. நர்மதா கண்ணை மூடிக்கொண்டு பாடி முடித்தாள். கண்ணைத் திறந்தபோது கடைப் பையன்கள் இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தார்கள்.

"தம்பி, ஒண்ணு சொல்றேன் கேளு" என்றார் பாக்கியநாதன். "உன் வூட்டம்மா குரலு கனமான குரலு. பின்னாடி நீ இன்னாத்த வுட்டாலும் மேல நிக்கும். இதுக்கு டிஜிட்டலே போதும். மெமரி கீது, பட்டன அமுக்குனா பாட்டுக்குப் பாட்டு தானா மாறிக்கும். அனலாக்கு வந்து மெல்லிசா பாடற பொண்ணுங்களுக்குத்தான். அதுங்க கொரல முழுங்காது."

"இல்லண்ணே. இதான் வோணும்."

"இதுல ஞாபகமே கெடயாதுப்பா. ஒவ்வொரு பாட்டுக்கும் குனிஞ்சி குனிஞ்சி நீதான் குமிழத் திருப்பணும்."

"திருப்பறேன். பொண்டாட்டி முன்னாடி குனியறது எனக்கு இன்னா புதுசா?"

எல்லாரும் சிரித்தார்கள். நர்மதா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். கடைக்காரரே வேண்டாம் என்கிறபோது, தன் குரலுக்கு இதுதான் என்று ஒருவன் ஒற்றைக் காலில் நிற்கிறானே, இதைவிட ஒரு பெண்டாட்டிக்கு என்ன வேண்டும்?

திரும்புகிற ரயிலில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அத்திப்பட்டு தாண்டியபோது அவள் கேட்டாள். "ஆயுதபூஜைக்கு இன்னா பொடவ கட்டட்டும்?"

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். "எதுனா கட்டிக்க. உனக்கு எல்லாமே நல்லாத்தான் கீது."

மறுநாள் முதல் வீட்டில் பாட்டு ஆரம்பித்தது. காலை ஷிஃப்ட் முடிந்து மூன்றரை மணிக்கு வருவான். முகம் கழுவி, டீ குடித்துவிட்டுக் கிடாரை எடுப்பான். அந்தக் கச்சேரியில் பெண் குரல் தனியாகப் பாடும் பாட்டுகள் ஆறு. ஒவ்வொரு பாட்டின் வேகத்துக்கும் ஏற்ற மாதிரி டிலேயின் இடைவெளியை மாற்ற வேண்டும். கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் திரும்பி வருகிற ஒலி தாளத்துக்குக் குறுக்கே விழுந்து பாடுகிறவளைத் தடுக்கிவிடும். நர்மதா பாடுவாள், அவன் குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருப்புவான். சரியாக வந்து உட்கார்ந்ததும், "அப்டியே இரு" என்பான். அவள் பாடியபடியே தன் நகப்பூச்சுப் புட்டியைத் திறந்து, தீக்குச்சி முனையால் தொட்டு, குமிழின் கோடு நிற்கிற இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பாள். பக்கத்தில் அவன் பென்சிலால் எண் எழுதுவான்.

தாளத்துக்கு மெஷினெல்லாம் அவன் வைத்துப் பார்க்கவில்லை. குழுவில் எல்லாருக்கும் தெரியும், நர்மதா ஒரு பாட்டை எடுத்தாளென்றால் கடிகாரம் அவளைப் பார்த்து நடக்கும்.

ஒன்றுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

"நர்மு, ஒரு கட்ட ஏத்திப் பாடு."

"எனக்கு அங்க எட்டாதுங்க. முன்னல்லாம் எறக்கித்தானே வாசிப்பீங்க?"

"இப்ப ஒரிஜினல் சுருதியிலதான் பண்றோம். ட்ரை பண்ணு. உன்னால முடியும்."

அவள் முயன்றாள். மேல் சுரங்களில் தொண்டை கிழிந்தது. தினமும் மிளகு தட்டிப் போட்ட வெந்நீர் குடித்தாள், ஐஸ் தண்ணீர் விட்டாள், எண்ணெய்ப் பலகாரம் விட்டாள்.

"இன்னா நர்மதா, ஊட்லயே கச்சேரியா? எங்களுக்கு டிக்கெட்டு இல்லியா?" என்று பக்கத்து வீட்டு மணியம்மாள் மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு கேட்டாள். அவள் வீட்டுக்காரருக்கும் அதே மில்தான்.

"ஆயுதபூஜைக்கு வாங்கக்கா. ஓசியிலயே கேக்கலாம்."

"ஆமாமா, மேடையேறிட்டா எங்களல்லாம் கண்ணு தெரியுமா உனக்கு?"

ஐந்து பாட்டுக்குப் புள்ளி வைத்தாகிவிட்டது. ஆறாவது ஒன்றுதான் பாக்கி. அன்றைக்கு அவன் கிடார்க் கம்பி வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தான். செல்போனை சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருந்தான். அது அடித்தது. அரசப்பன்.

"யாரு, நர்மதாம்மாவா? நல்லாக்கீறியா? சந்துரு இல்ல?"

"கடைக்குப் போயிருக்காருண்ணே. சொல்லுங்க, சொல்லிடறேன்."

"ஒண்ணுமில்லம்மா. அந்த மீஞ்சூர்ப் பொண்ணுக்கு ஆறாவது பாட்டும் ஒரிஜினல் சுருதியே சரியா கீதாம். அதச் சொல்லிடு. கொரலு மெல்லிசு, ஆனா மேல சும்மா போவுது. காலேஜு பரீட்சன்னு பிராக்டிசுக்கு வர்ல. நீதான் ஊட்ல அதுக்காகப் பாடிக் குடுக்கிறியாமே, சந்துரு சொன்னான். மேட எனக்கு வேணாம்னு நீயே சொல்ட்டியாமே, இருந்தும் இதப் பண்ற பாரு. பெரிய மனசும்மா உனக்கு."

நர்மதா போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"ஆவட்டும்ணே" என்றாள். "சொல்லிடறேன்."

போனை வைத்த பிறகு அந்தச் செங்கல் நிறப் பெட்டியைப் பார்த்தாள். மெல்லிசாகப் பாடுகிற பெண்களுக்குத்தான் என்று பாக்கியநாதன் தன் வாயாலேயே சொன்னாரே, அவள் காது எங்கே போயிருந்தது? தன் தொண்டையைக் கிழித்து அவன் யாரோ ஒரு பெண்ணின் உயரத்துக்கு அளவெடுத்திருக்கிறான். தையல்கடைப் பொம்மைமேல் துணி போட்டுப் பார்ப்பதைப் போலத் தன்மேல் அவள் பாட்டைப் போட்டுப் பார்த்திருக்கிறான்.

அவன் வந்தான். அரசப்பன் பேசியதை அவள் சொல்லவில்லை. அவனாகச் சொல்ல ஒரு வழி விட்டுப் பார்த்தாள்.

"மேடையில நான் எந்தப் பக்கம் நிக்கணும்?"

அவன் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை. "அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம். நீ பாடு."

அவள் பாடினாள். ஆறாவது பாட்டு வேகமான பாட்டு. அதை அவள் ஒரு இழை மெதுவாக எடுத்தாள், முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை அந்த மெதுவைச் சிந்தாமல் கொண்டுபோனாள். கோபத்தில்கூட அவளுக்குத் தாளம் பிசகவில்லை. அவன் குமிழைத் திருப்பினான். "அப்டியே இரு" என்றான். அவள் தீக்குச்சியை நகப்பூச்சில் தொட்டு ஆறாவது புள்ளியை வைத்தாள்.

ஆயுதபூஜை அன்று காலையில், சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே சொன்னான். "அரசப்பண்ணன் வேற ஒரு பொண்ண போட்டுட்டாரு போலக்கீது நர்மு. கடைசி நேரத்துல சொல்றாரு. நான் இன்னா பண்றது, சொல்லு."

"நீங்க இன்னா பண்ணுவீங்க" என்றாள் அவள். பாப்பாவின் ரிப்பனை இழுத்து முடிந்தாள்.

மில் முழுக்க மாவிலையும் சந்தனமும். உருளை எந்திரங்களுக்கெல்லாம் குங்குமம் வைத்து மாலை போட்டிருந்தார்கள். வாசலில் பூசணிக்காய் உடைத்த சிவப்பு இன்னும் காயவில்லை. தகரக் கூரை போட்ட பெரிய ஷெட்டில் மேடை. மாலை ஐந்து மணிக்கு முதலாளி வந்து உட்கார, கச்சேரி தொடங்கியது. நர்மதா பெண்கள் பக்கத்தில் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மணியம்மாள் அவளைப் பார்த்தாள், மேடையைப் பார்த்தாள், பொரிப் பொட்டலத்தைப் பிரித்துப் பாப்பாவின் கையில் கொடுத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. ஏதாவது கேட்டிருந்தாலே தேவலை என்றிருந்தது.

மீஞ்சூர்ப் பெண்ணுக்கு இருபது வயது இருக்கலாம். பயந்த முகம். அவள்மேல் நர்மதாவுக்குக் கோபம் வரவில்லை, அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. ஐந்து பாட்டு முடிந்தது. ஆறாவதற்கு அரசப்பன் பேர் சொன்னார். சந்திரமோகன் குனிந்து குமிழை ஆறாவது புள்ளியில் நிறுத்தினான்.

நர்மதா மூச்சை அடக்கிக்கொண்டாள். இதோ, இப்போது. கிடார் ஒன்று சொல்லும், பெட்டி ஒன்று சொல்லும். அந்தப் பெண் இரண்டுக்கும் நடுவில் கால் தடுக்கி நிற்பாள். அத்தனை பேர் முன்னால் அவன் குனிந்து அந்தக் குமிழைத் தடவிக்கொண்டு விழிக்க வேண்டும்.

பாட்டு தொடங்கியது. ஒன்றும் ஆகவில்லை.

மைக் செட் குப்புராஜுவுடையது. இந்தப் பக்கத்தில் எந்த மைக் செட்காரரும் எக்கோவைக் குறைத்து வைத்துப் பாட விட மாட்டார். எக்கோ இல்லாவிட்டால் செட்டு ஓட்டை என்பார்கள் ஜனங்கள். குப்புராஜு வழக்கம்போல அதை முழுக்கத் திருகி விட்டிருந்தார். பெண்ணின் ஒவ்வொரு வார்த்தைக்கும் பத்து வால் முளைத்தது. கிடாரும் டிரம்மும் அதன்மேல் ஏறி, எட்டு ஸ்பீக்கரிலிருந்து புறப்பட்டு, தகரக் கூரையில் மோதி, ஒரே இரைச்சலாகத் தலையில் கொட்டியது. அதில் செங்கல் நிறப் பெட்டி என்ன சொன்னது, சரியாகச் சொன்னதா, தப்பாகச் சொன்னதா, கடவுளுக்குக்கூடக் கேட்டிருக்காது. மேடையில் நின்றவனுக்கே கேட்கவில்லை. நர்மதா காதைத் தீட்டிக்கொண்டு தன் கோபத்தைத் தேடினாள், கிடைக்கவில்லை. பையன்கள் விசில் அடித்தார்கள். முதலாளி கை தட்டினார்.

முடிந்ததும் வியர்வை வழிய, அரசப்பனையும் இழுத்துக்கொண்டு அவளிடம் வந்தான் சந்திரமோகன். "எப்டி இருந்திச்சி? பாத்தியா, அந்தப் பொண்ணு கொரல முழுங்கவேயில்ல. அனலாக்குன்னா அனலாக்குதான்!"

"ஆறாவது பாட்டுல புள்ளி தப்பா இருந்திச்சி" என்றாள் நர்மதா. "நான்தான் மெதுவா எடுத்தேன். வோணும்னே பண்ணேன்."

அவன் ஒரு கணம் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான். "சும்மாயிரு. உனக்காவது, டைமிங் தப்பறதாவது. தப்பா இருந்தா எனக்குத் தெரியாதா?"

அரசப்பனும் சிரித்தார். "தீவாளிக்குப் பொன்னேரியில ஒண்ணு வந்துகீதும்மா. புதுசா நாலு பாட்டு. நீதான் சந்துருவுக்குப் பாடிக் குடுக்கணும்."

"நான் இனிமே பாட மாட்டேண்ணே."

"இன்னாம்மா இப்டி சொல்ற?"

"எனக்கு வேணாம். ஊட்லயும் வேணாம், எங்கியும் வேணாம்."

சந்திரமோகன் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை அவள் பார்த்தாள். அவன் அரசப்பன் பக்கம் திரும்பிக் கையை விரித்தான்.

"பாத்தீங்களாண்ணே? நான் அன்னிக்கே சொல்லல? அவளுக்கு இதுல இஷ்டமே இல்ல."